இருபது வெள்ளிக்காசும் முப்பது வெள்ளிக்காசும்

மனிதக் கடத்தல் என்றால் நம்மில் பல பேருக்கு மனசில் ஓடுவது சினிமாக் காட்சிதான். ஒரு ஆம்னி வேன், மூக்கில் ஒரு கர்சீப், அடுத்த ஷாட்டில் மும்பை. எங்கள் பக்கம் நடப்பதில் வேனும் கிடையாது, கர்சீப்பும் கிடையாது. அப்பாவிடம் ஒரு கையெழுத்து வாங்கி, அம்மா கையில் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, பெண்ணை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டிப்போகிறவர் நமக்கு நன்றாகத் தெரிந்த அண்ணாச்சியாக இருப்பார். வழியில் முறுக்கு, டீ எல்லாம் வாங்கிக் கொடுப்பார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற பட்டிமன்றம் இல்லை. நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவன். திருநெல்வேலிச் சீமையில் ஒரு சி.எஸ்.ஐ. கிராமம். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் ஆயிற்று. இப்போது பி.காம். மூன்றாம் ஆண்டு. இரண்டு வருஷமாக ஒரு விஷயம் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது, அதைத்தான் எழுதுகிறேன். நாத்திக நண்பர்கள் “அப்போ விட்டுட்டு வாடா” என்று சொல்வதற்கும், விசுவாசி நண்பர்கள் “உனக்காக ஜெபிக்கிறேன் பிரதர்” என்று சொல்வதற்கும் முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள், ப்ளீஸ்.

எங்கள் சண்டே ஸ்கூலில் என்னோடு ஒரு பிள்ளை படித்தாள். பெயர் வேண்டாம். வசனப் போட்டியில் எப்போதும் அவளுக்குத்தான் முதல் பரிசு, எங்களுக்கெல்லாம் ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மேற்கே ஒரு நூற்பாலைக்குப் போனாள். எந்த மில், எந்த ஊர் என்பதும் வேண்டாம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வீட்டில் இருந்தது. மூன்று வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும், தங்குவதும் சாப்பாடும் மில்லிலேயே, கூட்டிப்போவது நம்ம சபைக்காரர்தான், பயம் வேண்டாம் என்றார்கள். இரண்டு வருஷம் ஏழு மாதத்தில் மூச்சுவிட முடியாமல் திரும்பி வந்தாள். பஞ்சுத் தூசி. மூன்று வருஷம் முடியவில்லை, அதனால் தொகை கிடையாது. அட்வான்ஸ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி என்று கழித்துப் பார்த்தால் அவள்தான் இன்னும் பாக்கி தரவேண்டும் என்றார்களாம்.

அவள் என் அம்மாவிடம் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “மெஷின் சத்தத்துல சத்தமாவே ஜெபம் பண்ணலாம் பெரியம்மா, ஒருத்தருக்கும் கேக்காது. ஒருத்தருக்குமே கேக்கல.”

அவளைக் கூட்டிப்போன அண்ணாச்சிக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கமிஷன். அந்த வருஷம் எங்கள் ஆலயத்து அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்தார். எல்லாரும் கை தட்டினோம்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் கணக்கு போட்டுப் பார்ப்பது. சுமங்கலி திட்டம், திருமகள் திருமணத் திட்டம், கேம்ப் கூலி என்று இதற்குப் பல பெயர்கள் இருந்தன. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு தென்மாவட்டங்களிலிருந்துதான் நிறைய பிள்ளைகள் போனார்கள். 2011ல் நெதர்லாந்திலிருந்து ‘கேப்சர்ட் பை காட்டன்’ என்று ஒரு அறிக்கை வந்தது, 2014ல் இன்னொன்று. அதற்குப் பிறகு அந்தப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். பெயரைத்தான்.

சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லில் 300 பிள்ளைகள். ஒவ்வொருத்தியின் நாள் கூலியிலிருந்தும் 30 ரூபாயைக் கடைசியில் தருகிறோம் என்று நிறுத்திவைத்தால் நாளொன்றுக்கு 9,000 ரூபாய். வருஷத்துக்கு 32,85,000. மூன்று வருஷத்துக்கு 98,55,000. கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய் நடைமுறை மூலதனம். வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்டால் வட்டி கட்டவேண்டும், சொத்தை அடமானம் வைக்கவேண்டும். இங்கே வட்டியும் கிடையாது. அடமானமாக இருப்பதோ கடன் கொடுத்தவளே! கல்லூரியில் பங்கு ஒறுப்பிழப்பு என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். பங்குதாரர் கடைசித் தவணையைக் கட்டத் தவறினால் அதுவரை கட்டிய பணத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்கும்கூட முறையாக அறிவிப்பு அனுப்பவேண்டும், கெடு கொடுக்கவேண்டும், இயக்குநர் குழுவில் தீர்மானம் போடவேண்டும். இரண்டு வருஷம் ஏழு மாதம் உழைத்த பிள்ளைக்கு அந்த அறிவிப்புகூட வரவில்லை.

“அவளே சம்மதிச்சுத்தானே போனா, இது எப்படிக் கடத்தல் ஆகும்?” என்று என் ரூம்மேட்டே கேட்டான். நியாயமான கேள்வி. ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறை 2000ல் வந்தது, இந்தியா 2011ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஆளைச் சேர்ப்பது, அதற்குப் பயன்படுத்தும் ஏமாற்று அல்லது மிரட்டல், சுரண்டும் நோக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கடத்தல். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஏமாற்றைக்கூட நிரூபிக்கவேண்டாம். நம் நாட்டில் 2013ல் திருத்திய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவும், 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்றே சொல்கின்றன. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982லேயே ஆசியாட் கட்டடத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று. முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் பிடித்துவைப்பதை 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. எல்லா மில்லும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் செங்கல் சூளையில் ஒடிசாக் குடும்பங்கள், அரிசி ஆலையில் இருளர் குடும்பங்கள் என்று வேறு வேறு உடுப்பில் இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டாய உழைப்பிலிருந்து வருஷத்துக்கு 236 பில்லியன் டாலர் சட்டவிரோத லாபம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024ல் கணக்கு சொன்னது. இவ்வளவு பெரிய டர்ன்ஓவர் உள்ள ஒரு தொழிலைப் பற்றி என் வாழ்நாளில் ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. சினிமா பார்ப்பதைப் பற்றி மட்டும் குறைந்தது நாற்பது கேட்டிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாலிபர் கூட்டத்தில் ஒரு நாள் ஐயரிடம் நேரடியாகவே கேட்டேன். அவள் ஜெபித்தாளே, ஏன் கேட்கப்படவில்லை? நல்ல மனுஷர். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு யோசேப்பின் கதையைச் சொன்னார். சகோதரர்கள் விற்றார்கள், ஆனால் கர்த்தர் அதை நன்மையாக மாற்றினார், அடிமையாகப் போனவன் எகிப்துக்கே அதிபதியானான், ஒரு ஜனமே பஞ்சத்தில் பிழைத்தது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் ஹாஸ்டலுக்கு வந்து ஆதியாகமத்தை எடுத்து உட்கார்ந்தேன். சண்டே ஸ்கூலில் ஃபிளானல் போர்டில் பல வர்ண அங்கியோடு பார்த்த கதை, இருபது வயதில் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. யோசேப்புக்குப் பதினேழு வயது. விலை இருபது வெள்ளிக்காசு. லேவியராகமத்தின் கடைசி அதிகாரத்தில், பொருத்தனைக்காக ஆட்களை மதிப்பிட ஒரு அட்டவணை இருக்கிறது. ஐந்திலிருந்து இருபது வயதுவரை ஆண்பிள்ளைக்கு இருபது, பெண்பிள்ளைக்குப் பத்து. அண்ணன்மார் தம்பியை மார்க்கெட் ரேட்டுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் போல! அவனைக் குழியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடவும் செய்கிறார்கள். அவன் கெஞ்சினான் என்பது அந்த இடத்தில் எழுதப்படவே இல்லை. ஐந்து அதிகாரம் தாண்டி, பல வருஷம் கழித்து, எகிப்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் அது வெளியே வருகிறது. அவன் கெஞ்சினதைக் கேட்டும் கேட்காமல் இருந்தோமே என்று. ஆக, அவன் கெஞ்சியது காதில் விழுந்திருக்கிறது. விற்றவர்களின் காதில்.

இன்னொன்று. தேவன் அதை நன்மையாக்கினார் என்ற வார்த்தையைச் சொன்னது யோசேப்பு. எல்லாம் முடிந்து, அதிகாரத்தில் இருந்துகொண்டு, தன்னை விற்றவர்களைப் பார்த்து அவனாகச் சொன்னான். குழிக்குள் கிடந்தபோது மேலேயிருந்து எட்டிப்பார்த்து யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. நாம் எட்டிப்பார்த்துச் சொல்கிறோம். அதுவும் சாப்பிட்டுக்கொண்டே.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்பத்தேழாம் அதிகாரத்தை யாராவது உங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறார்களா? பஞ்சம் வருகிறது. களஞ்சியச் சாவி யோசேப்பின் கையில். ஜனங்கள் தானியம் கேட்டு வருகிறார்கள். முதல் சுற்றில் அவர்கள் பணம் எல்லாம் பார்வோன் கஜானாவுக்குப் போகிறது. பணம் தீர்ந்ததும் ஆடு, மாடு, குதிரை, கழுதை. அடுத்த வருஷம் அதுவும் தீர்ந்து, எங்கள் நிலத்தையும் எங்களையும் எடுத்துக்கொள்ளும், சாப்பாடு கொடும் என்று அவர்களே வந்து நிற்கிறார்கள். யோசேப்பு வாங்குகிறான். நிலம் பார்வோனுக்கு, ஆட்கள் பார்வோனுக்கு அடிமைகள், விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு வரி. அவர்கள் நன்றியும் சொல்கிறார்கள். செங்கல் சூளை அட்வான்ஸும் இப்படித்தான் வேலை செய்கிறது. பசி வரும்வரை காத்திருந்தால் போதும், ஆளே நடந்து வந்து சம்மதம் கொடுத்துவிடுவான். (ஆசாரியர்களின் நிலத்தை மட்டும் யோசேப்பு வாங்கவில்லை, அவர்களுக்குப் பார்வோனிடமிருந்து மானியம் வந்துகொண்டிருந்தது என்று வேதாகமமே ஒரு குறிப்பு போடுகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை சாமி!) இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன் ஒரு தேசத்தையே விலைக்கு வாங்குகிறான். சில தலைமுறை கழித்து அவன் சொந்த ஜனமே அதே எகிப்தில் செங்கல் அறுக்கிறது. இதுதான் கடத்தலுக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பதில் என்றால், பதிலை முழுசாகப் படிக்கவேண்டும் இல்லையா?

எங்கள் ஊர் ஆலயத்தை ஆரம்பித்தது எஸ்.பி.ஜி. மிஷன். தாத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரல் மாறும். பள்ளிக்கூடம் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், நம்மைத் திண்ணையில் உட்காரவைத்தார்கள் என்பார். எல்லாம் உண்மை. அந்த எஸ்.பி.ஜி.க்கே மேற்கிந்தியத் தீவில், பார்படாஸில், ஒரு கரும்புத் தோட்டம் இருந்தது. 1710ல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் உயிலில் எழுதிவைத்தது. தோட்டத்தோடு அடிமைகளும் வந்தார்கள். சங்கம் தோட்டத்தை விற்கவில்லை, அடிமைகளை விடவும் இல்லை, நூறு வருஷத்துக்கு மேல் நடத்தியது. ஆரம்ப காலத்தில் அவர்கள் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ‘சொசைட்டி’ என்று முத்திரை குத்தினார்கள். சுவிசேஷத்தைப் பரப்பும் சங்கத்தின் முத்திரை! பிரிட்டன் 1833ல் சட்டம் போட்டு அடிமைமுறையை ஒழித்தபோது உடைமைக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது. சங்கத்துக்குக் கிடைத்தது 8,823 பவுண்டு. அடிமைகளுக்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்து திருச்சபை 2006ல் மன்னிப்பு கேட்டது. சங்கத்தின் இன்றைய வாரிசான யு.எஸ்.பி.ஜி. 2023ல் அந்தத் தோட்டத்து மக்களின் வழிவந்தவர்களுக்காக 70 லட்சம் பவுண்டு ஒதுக்கியது.

பார்படாஸில் முழு விடுதலை வந்தது 1838ல். எஸ்.பி.ஜி. மிஷனரியாக கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841ல். மூன்றே வருஷம். எங்கள் பாட்டன்மாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த சங்கத்தின் பணப்பெட்டியில் அந்தக் கரும்பின் காசு கொஞ்சமாவது இருந்திருக்காதா? இதைத் தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் யோசனை வருகிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்து, எஜமானுக்குக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த 1855 பிரகடனத்துக்கு முன்னால் மிஷனரிகள் வருஷக்கணக்கில் மனு எழுதியிருக்கிறார்கள். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901லிருந்து கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய தொனி எனக்குப் பிடிக்காது, ஆனால் பிள்ளைகள் பிழைத்தார்கள். 2011ல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளையிலிருந்து 500க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டதில் ஒரு கிறிஸ்தவ அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, ஒரே வேதத்தைப் படித்து ஒருத்தர் முத்திரை குத்தியிருக்கிறார், ஒருத்தர் மனு எழுதியிருக்கிறார். இதில் எதை எடுத்து எதைக் கழிப்பது? ஒன்று மட்டும் எனக்குப் படுகிறது. நாகர்கோவில் பெண்களுக்கு விடுதலை வந்த வழி கூலி. ஒழுங்காக, அவரவர் கையில் கிடைத்த கூலி. அங்கே நூல் பின்னி வெளியே வந்தார்கள், இங்கே நூல் நூற்க உள்ளே போகிறார்கள்.

சிநேகிதர்கள் சொல்லும் மற்ற பதில்களையும் பார்த்துவிட்டேன். மனுஷனுக்குத் தேவன் சுயசித்தம் கொடுத்திருக்கிறார், அதனால்தான் தீமை நடக்கிறது என்பார்கள். சரி, யாருடைய சுயசித்தம்? புரோக்கருடைய சித்தம் தடையில்லாமல் நிறைவேறியது. அந்தப் பிள்ளையின் சித்தம் கேட்டைத் தாண்டவில்லை. சுதந்தரம் அவ்வளவு விலையேறப்பெற்றது என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் அது பத்திரமாக இருக்கிறது? கடைசி நியாயத்தீர்ப்பில் எல்லாம் சரியாகும் என்பதை நான் நம்புகிறேன், நிஜமாகவே. வெளிப்படுத்தின விசேஷத்தில் பாபிலோன் விழும்போது வியாபாரிகள் அழுகிறார்கள். விற்காமல் போன சரக்குப் பட்டியல் ஒன்று வரும். பொன், முத்து, மெல்லிய வஸ்திரம் என்று தொடங்கி கோதுமை, மாடு, குதிரை, ரதம் என்று போய், கடைசி வரியில் மனுஷர். ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரியே இருக்கும். எழுதியவருக்கு இந்தத் தொழில் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த நாள் வரும்வரைக்கும் அவளுடைய மூச்சிரைப்புக்கு என்ன செய்வது?

தேவனுக்குக் கைகள் நாம்தான் என்பது மூன்றாவது பதில். இருப்பதில் இதுதான் கொஞ்சம் நாணயமானது. ஆனாலும் அதைச் சொல்லும் மேடைகளைப் பார்த்தால் எனக்கு ஒரு கூச்சம். மீட்கப்பட்ட பிள்ளையை முன்னால் நிறுத்தி, மைக் கொடுத்து, சாட்சி சொல்லவைத்து, வீடியோ எடுத்து, கீழே வங்கிக் கணக்கு எண்ணையும் ஓடவிடுவார்கள். முதலில் மில்லுக்கு, அப்புறம் மேடைக்கு. அவளுக்கு வேண்டியது மாவட்ட நிர்வாகம் கொடுக்கவேண்டிய விடுதலைச் சான்றிதழ், நிலுவைக் கூலி, மருத்துவம், திரும்பப் படிக்க ஒரு இடம். இதில் ஒன்றுக்காவது நம் சபை தாசில்தார் ஆபீஸ் வாசலில் போய் நின்றதா? எங்கள் சபை நிற்கவில்லை. உபவாச ஜெபம் வைத்தார்கள். அதுவும் ஒரு நாள்.

இவ்வளவு பேசியும் ஏன் இன்னும் ஞாயிற்றுக்கிழமை போகிறாய் என்று கேட்பீர்கள். யோபுவின் புத்தகம் ஒரு காரணம். அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் பேசிய இறையியலில் பாதி நம் பிரசங்கங்களில் அப்படியே வருகிறது. கடைசியில் தேவன் கோபப்படுவது அவர்கள்மேல். தன்னோடு சண்டை போட்டவனைத்தான் சரியாகப் பேசினான் என்கிறார். யோபுவுக்கு விளக்கம் கிடைக்கவே இல்லை, அது உண்மை. கடவுள் பேசினார், காரணம் சொல்லவில்லை. அது எனக்குப் போதுமா என்றால் போதவில்லை. ஆனால் கோபப்பட இடம் கொடுத்த வீட்டைவிட்டு, கோபம் வந்த காரணத்துக்காகவே வெளியேறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்கே அந்தக் கோபத்தைக் கற்றேன்? அவள் விலைபோகிற பொருள் இல்லை என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதே சண்டே ஸ்கூல்தான், அதே ஃபிளானல் போர்டுதான்.

இன்னொரு காரணம் முப்பது வெள்ளிக்காசு. யாத்திராகமத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மாடு முட்டி ஒரு அடிமை செத்தால் எஜமானுக்கு நஷ்டஈடு முப்பது சேக்கல். இயேசுவுக்குப் போட்ட விலை முப்பது வெள்ளிக்காசு. செத்த அடிமையின் ரேட். நான் கும்பிடும் கடவுளையும் ஒரு புரோக்கர் கூட்டிப்போயிருக்கிறான், கமிஷன் வாங்கியிருக்கிறான், அவனும் நல்ல தெரிந்த ஆள், ஒரே பந்தியில் சாப்பிட்டவன். இது அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்குமா, எனக்குத் தெரியாது. அவளிடம் நான் சொல்லவும் மாட்டேன். எனக்கு இது பதில் இல்லை, ஆனால் தூரமாக உட்கார்ந்து பதில் சொல்கிற கடவுள் இல்லை என்று மட்டும் தெரிகிறது.

அதே அதிகாரங்களில் கணக்கு சம்பந்தமாக ஒரு இடம் உண்டு. யூதாஸ் மனம் கசந்து காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போகிறான். பிரதான ஆசாரியர்கள் அதைப் பொறுக்கிவைத்து யோசிக்கிறார்கள். இது ரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடக்கூடாது என்று முடிவெடுத்து, குயவனின் நிலத்தை வாங்கி அந்நியரைப் புதைக்க விட்டுவிடுகிறார்கள். இயேசுவைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்தவர்களிடமே அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது, எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. எங்கள் சபைக் கமிட்டியில் வாழைத்தார் ஐயாயிரத்துக்கு அந்தக் கேள்வி வரவில்லை. ரசீது மட்டும் உடனே கொடுத்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரம். பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் ஜெயிலில் நடுராத்திரி பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவெல்லாம் திறந்தது, ஜெயிலர் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தான். இதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள், கன்வென்ஷன் தவறாமல் கேட்டிருப்பீர்கள். அவர்கள் ஏன் ஜெயிலுக்குப் போனார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த ஊரில் குறிசொல்லும் ஆவி பிடித்த ஒரு அடிமைப் பெண் இருந்தாள். அவள் குறி சொல்லி வரும் வருமானம் எஜமான்களுக்கு. எஜமான்கள் என்று பன்மையில் இருக்கிறது, அதாவது பார்ட்னர்ஷிப். அவள் பல நாள் இவர்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிறாள். பவுல் உடனே ஒன்றும் செய்யவில்லை. பல நாள் கழித்து, சினம் வந்துதான் திரும்பி ஆவியைத் துரத்துகிறார். வருமானம் போயிற்று என்று கண்டதும் எஜமான்கள் இவர்களைச் சந்தைவெளிக்கு இழுத்துப்போகிறார்கள். ஆனால் புகாரில் நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவர்கள் யூதர்கள், நம் ஊர் வழக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்கிறார்கள். லாபத்துக்குக் கலாசாரச் சட்டை போட்டுவிடுவது அன்றைக்கே இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் அந்தப் பெண் கதையில் வரவே இல்லை. பெயரும் இல்லை. ஆவி போய்விட்டது, சரி, அடிமைத்தனம்? சம்பாதித்துக் கொடுக்க முடியாத அடிமையை அந்த எஜமான்கள் என்ன செய்திருப்பார்கள்? வேறு யாருக்காவது விற்றார்களா, வேறு எந்த வேலைக்கு? லூக்கா எழுதவில்லை. பூமியதிர்ச்சியை எழுதியிருக்கிறார், கதவுகள் திறந்ததை எழுதியிருக்கிறார், காயத்தைக் கழுவினதை எழுதியிருக்கிறார்.

அதே அதிகாரத்தில் லீதியாள் என்ற அம்மா வருகிறார். இரத்தாம்பரம் விற்கிறவர். ஜவுளி வியாபாரம். விசுவாசியானவர், வசதியான வீடு. விடுதலையான பவுலும் சீலாவும் நேராக அங்கேதான் போகிறார்கள், சகோதரர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். அதிகாரம் முடிகிறது. லீதியாளின் வீட்டிலிருந்து அந்தப் பெண் இருந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? ஒரே ஊர்தான்.